கூடுதல் சாட்டா கார்டில் உள்ள டிஸ்க்குகள் பயாஸில் தெரிகின்றன, லினக்ஸில் தெரிவதில்லை, ரெய்டும் இயங்கவில்லை

நிழற்படக்கூடம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் புகைப்பட நிலையத்தில் திருமணப் படங்களையும் காணொளிகளையும் சேமித்து வைக்கும் கணினியில் இரண்டு டிஸ்க் கன்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று சந்தேகிக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் பெரிய உதவியாக இருக்கும்.

கணினியில் டெபியன் 11 இயங்குகிறது. பாதுகாப்புக் கருதி இதற்கு இணைய இணைப்புத் தரவில்லை என்பதால், நிறுவியபோது இருந்த 5.10 கர்னலே இன்றும் இருக்கிறது. மதர்போர்டில் இன்டெல் கன்ட்ரோலரின் ஆறு சாட்டா போர்ட்டுகள் உள்ளன. முதல் போர்ட்டில் இயங்குதளம் உள்ள எஸ்எஸ்டி, நான்காவதில் டிவிடி ரைட்டர், மற்ற நான்கிலும் 4 டிபி டிஸ்க்குகள் என்று அமைத்து, அந்த நான்கு டிஸ்க்குகளையும் எம்டிஏடிஎம் (லினக்ஸின் ரெய்டு கருவி) மூலம் ரெய்டு 5 ஆக (பல டிஸ்க்குகளை ஒரே சேமிப்பகமாக இணைக்கும் முறை) வைத்திருந்தேன். யுஎஸ்பியில் ஒரு காப்புப்பிரதி டிஸ்க்கும் உண்டு.

அண்மையில் எம்.2 ஸ்லாட்டில் ஓர் என்விஎம்இ எஸ்எஸ்டியைப் பொருத்தியதும் 5, 6 ஆம் போர்ட்டுகள் வேலை செய்யவில்லை. அந்த ஸ்லாட்டும் இந்தப் போர்ட்டுகளும் ஒரே வழித்தடத்தைப் பகிர்கின்றன என்று மதர்போர்டின் கையேட்டிலேயே இருக்கிறது. ஆகவே நான்கு போர்ட்டுகள் கொண்ட ஒரு பிசிஐஇ சாட்டா கார்டை வாங்கி, அந்த இரண்டு ரெய்டு டிஸ்க்குகளையும் அதற்கு மாற்றினேன். சில நாட்கள் எல்லாம் ஒழுங்காக இயங்கின. பிறகு, கணக்கு மென்பொருளுக்காக ஒரு மெய்நிகர் கணினியை அமைத்து மறுதொடக்கம் செய்தபோதுதான் சிக்கல் தொடங்கியது.

இப்போது பூட் ஆகும்போது ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடுக்கு (பழுதுபார்ப்பதற்கான குறைந்தபட்ச நிலை) சென்றுவிடுகிறது. கார்டில் உள்ள இரண்டு டிஸ்க்குகளும் லினக்ஸில் இல்லை. ஆனால் பயாஸ் திரையில் அவற்றின் மாடல் எண்கள் வரை தெளிவாகத் தெரிகின்றன. இதுவரை எஸ்டிஎஃப் என்ற பெயரில் வந்த காப்புப்பிரதி டிஸ்க் இப்போது எஸ்டிடி என்று வருகிறது. ரெய்டின் நிலையைப் பார்த்தால் ‘இன்ஆக்டிவ்’ என்றும், மீதமுள்ள இரண்டு டிஸ்க்குகளுக்கு அருகில் அடைப்புக்குறிக்குள் ‘எஸ்’ என்றும் காட்டுகிறது. அவை உதிரி டிஸ்க்குகளாக மாறிவிட்டனவா என்று அஞ்சுகிறேன். ரெய்டைப் புதிதாக உருவாக்கினால் சரியாகுமா? அல்லது மதர்போர்டின் கன்ட்ரோலரை முழுவதும் முடக்கிவிட்டு எல்லாவற்றையும் கார்டிலேயே இணைப்பதுதான் வழியா?


பழையமுனையம்:

வணக்கம் ஐயா. முதலில் ஒரு வேண்டுகோள்: எம்டிஏடிஎம்மின் ‘கிரியேட்’ கட்டளையை எந்தக் காரணத்துக்காகவும் இப்போது இயக்காதீர்கள். டிஸ்க்குகளின் வரிசை, சங்க் அளவு (ஒவ்வொரு டிஸ்க்கிலும் தொடர்ச்சியாக எழுதப்படும் துண்டின் அளவு), தரவு தொடங்கும் இடம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று பழைய அமைப்பிலிருந்து மாறினாலும், ரெய்டு உருவாகிவிட்டதுபோலத் தோன்றும். உள்ளே உள்ள தரவு குலைந்துவிடும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் தரவுக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. நான்கு டிஸ்க் ரெய்டு 5 ஒரு டிஸ்க் இல்லாமல் இயங்கும், இரண்டு இல்லாமல் இயங்காது. இரண்டும் ஒரே நேரத்தில் வராததால் ரெய்டு தொடங்கவே இல்லை. தொடங்காததால் எதுவும் எழுதப்படவும் இல்லை. இயங்காத நிலையில் உள்ள ரெய்டின் உறுப்புகள் எல்லாவற்றுக்கும் ‘எஸ்’ என்றே காட்டுவது வழக்கம். அவை உதிரியாக மாறிவிட்டன என்று அதற்குப் பொருள் இல்லை.

உங்கள் கேள்வியில் இரண்டு சிக்கல்கள் ஒன்றாகப் பின்னியிருக்கின்றன. பெயர் மாறுவது கன்ட்ரோலர்களின் மோதல் அன்று. எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களைக் கர்னல் கண்டுபிடிக்கும் வரிசையில்தான் வழங்குகிறது. எஸ்எஸ்டியும் ரெய்டு டிஸ்க்குகள் நான்கும் வந்தால் யுஎஸ்பி டிஸ்க்குக்கு ஆறாவது பெயர் கிடைக்கும். இரண்டு வராவிட்டால் நான்காவது பெயர். பழைய ஐடிஇ டிரைவர்கள் இருந்த காலத்தில் எச்டிஏ என்றால் முதல் கேபிளின் மாஸ்டர் என்று இடத்தோடு பெயர் பிணைந்திருந்தது. 2007-இல் வந்த ஃபெடோரா 7 போன்ற வெளியீடுகளிலிருந்து ஐடிஇ டிஸ்க்குகளும் லிப்ஏடிஏ என்ற புதிய டிரைவர் தொகுதி வழியாக எஸ்டி வரிசைக்கு வந்துவிட்டன. பழைய ஐடிஇ டிரைவர்களே 2021-இல் 5.14 கர்னலோடு நீக்கப்பட்டன. ஆகையால் எஃப்எஸ்டேப் கோப்பில் (பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்ற பட்டியல்) எஸ்டிஎஃப்1 என்று எழுதி வைப்பதை ஒரு கன்ட்ரோலர் மட்டும் உள்ள கணினியில்கூட நான் பரிந்துரைப்பதில்லை.

பிஎல்கேஐடி கட்டளை காட்டும் யுயுஐடியை (பெயர் மாறினாலும் மாறாத அடையாள எண்) எடுத்து அந்த வரியில் எழுதுங்கள். காப்புப்பிரதி டிஸ்க்குக்கும் ரெய்டுக்கும் உரிய வரிகளில் ‘நோஃபெயில்’ (டிஸ்க் வராவிட்டாலும் பூட்டைத் தொடரச் சொல்வது) என்ற விருப்பத்தையும் சேருங்கள். இயல்பாக, லினக்ஸைத் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டி ஒரு டிஸ்க்குக்காக 90 விநாடி காத்திருந்து, வராவிட்டால் எமர்ஜென்சி மோடுக்குப் போகும். நீங்கள் காணும் ஒன்றரை நிமிடம் அதுதான். இந்த மாற்றத்தைச் செய்தால் கணினி முழுமையாக எழும். நிதானமாக உள்ளே பார்க்கலாம்.

உண்மையான சிக்கல், அந்த இரண்டு டிஸ்க்குகளும் ஏன் வரவில்லை என்பது. அதற்கு டிமெசேஜ் (கர்னலின் செய்திப் பதிவு) வெளியீட்டில் ஏடிஏ என்று தொடங்கும் வரிகள், எல்எஸ்பிசிஐ (பிசிஐ சாதனங்களின் பட்டியல்) வெளியீட்டில் கார்டுக்குரிய பகுதி, கர்னலுக்குக் கொடுக்கப்பட்ட பூட் வரி ஆகிய மூன்றையும் இங்கே இடுங்கள்.


மின்வழங்கி:

கேபிளையும் மின்சாரத்தையும் சோதிக்காமல் கன்ட்ரோலரைக் குறை சொல்வது சரியாக இருக்காது. டிஸ்க்குகள் ஒரே நேரத்தில் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட் பக்கம் இழுக்கும் மின்னோட்டம் இயங்கும் நேரத்தைவிடப் பன்மடங்கு அதிகம். ஒரே மின்கேபிளிலிருந்து பிரிப்பான் வைத்து நான்கு டிஸ்க்குகளுக்குக் கொடுத்திருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். ஸ்மார்ட் தகவலில் (டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவு) 199 ஆம் எண் மதிப்பைப் பாருங்கள். சாட்டா கேபிளில் பிழை இருந்தால் அந்த எண்ணிக்கை ஏறியிருக்கும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். இரண்டு கார்டுகள் ஒரே ஐஆர்க்யூவை (சாதனம் செயலியின் கவனத்தை அழைக்கும் குறுக்கீட்டு வரி) பகிரும்போது, ஒரு டிரைவர் தன் குறுக்கீட்டை ஏற்காவிட்டால், ‘ஐஆர்க்யூ 16: நோபடி கேர்டு’ என்ற செய்தியோடு கர்னல் அந்த ஐஆர்க்யூவையே முடக்கிவிடும். அதன் பிறகு அந்த வரியில் உள்ள எல்லாச் சாதனங்களும் ஊமையாகிவிடும். கன்ட்ரோலர்கள் உண்மையிலேயே மோதிக்கொள்வது என்றால் நான் முதலில் தேடுவது இதைத்தான். ப்ராக் அடைவில் உள்ள இன்டரப்ட்ஸ் கோப்பில் இரண்டு ஏஎச்சிஐ (சாட்டா கன்ட்ரோலர்) வரிகளும் எம்எஸ்ஐ (தனி வரி இல்லாமல் செய்தியாக அனுப்பும் குறுக்கீடு) என்று காட்டினால் இந்தச் சந்தேகத்தை விட்டுவிடலாம், ஏனென்றால் எம்எஸ்ஐ முறையில் பகிர்வு கிடையாது.


நிழற்படக்கூடம்:

இருவருக்கும் நன்றி. எஃப்எஸ்டேப்பை மாற்றியதும் கணினி தடையில்லாமல் எழுகிறது. நீங்கள் கேட்டவற்றைத் தருகிறேன்.

எஸ்எஸ்டியையும் டிவிடி ரைட்டரையும் தற்காலிகமாக நீக்கிவிட்டு, கார்டில் இருந்த இரண்டு டிஸ்க்குகளையும் அதே கேபிள்களோடும் அதே மின்இணைப்போடும் மதர்போர்டின் போர்ட்டுகளில் செருகி, யுஎஸ்பி லைவ் படிமத்திலிருந்து எழுப்பிப் பார்த்தேன். இரண்டும் உடனே தெரிந்தன. 199 ஆம் மதிப்பு இரண்டிலும் பூஜ்யம். ரெய்டைத் தொடவில்லை. பழைய அமைப்புக்குத் திரும்பிய பிறகு பார்த்ததில் இரண்டு கன்ட்ரோலர்களும் எம்எஸ்ஐ என்றே காட்டுகின்றன. ‘நோபடி கேர்டு’ செய்தி எங்கும் இல்லை.

டிமெசேஜில் கார்டின் போர்ட்டுக்கு ‘சாட்டா லிங்க் அப் 6.0 ஜிபிபிஎஸ்’ என்று வருகிறது. அடுத்து ‘க்யூசி டைம்அவுட்’, அதன் பின் ‘ஃபெயில்டு டு ஐடென்டிஃபை’. பிறகு வேகத்தை 3.0 ஆகக் குறைத்து மீண்டும் முயல்கிறது; அதுவும் தோற்றுக் கைவிட்டுவிடுகிறது. இரண்டு டிஸ்க்குகளுக்கும் இதே கதைதான்.

இவற்றுக்கு இடையில் எனக்குப் புரியாத ஒரு வரியும் இருக்கிறது: ‘டிஎம்ஏஆர்: டிஎம்ஏ ரைட், ரிக்வெஸ்ட் டிவைஸ் 04:00.1’ என்று தொடங்கி ‘ப்ரெசென்ட் பிட் இன் கான்டெக்ஸ்ட் என்ட்ரி இஸ் கிளியர்’ என்று முடிகிறது. எல்எஸ்பிசிஐயில் கார்டு 04:00.0 என்ற முகவரியில் இருக்கிறது. 04:00.1 என்று ஒரு சாதனமே பட்டியலில் இல்லை.

பூட் வரியில் இன்டெல்_ஐஓஎம்எம்யூ=ஆன் என்று உள்ளது. மெய்நிகர் கணினி அமைப்பதற்கான ஒரு வழிகாட்டியைப் பின்பற்றியபோது பயாஸில் விடி-டியை இயக்கிவிட்டு இதையும் சேர்த்தேன்.


கர்னல்வாசகன்:

நீங்கள் புரியவில்லை என்று கடைசியில் இட்ட அந்த வரியில்தான் விடை இருக்கிறது. அதைக் கவனித்து எழுதியதற்கு நன்றி. பலர் அதை விட்டுவிட்டு ஏடிஏ வரிகளை மட்டும் இடுவார்கள், நாமும் கேபிளையே மாற்றிக்கொண்டிருப்போம்.

லிங்க் அப் என்பது கார்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையே மின்தொடர்பு ஏற்பட்டுவிட்டது என்று மட்டும்தான் சொல்கிறது. அடுத்த படியில் கர்னல் ‘ஐடென்டிஃபை’ கட்டளையை அனுப்புகிறது. டிஸ்க் தன் மாடல் எண், கொள்ளளவு முதலியவற்றை 512 பைட்டுகளில் பதிலாகத் தரும். அந்தப் பதிலைக் கார்டு டிஎம்ஏ மூலம் (செயலியின் உதவியின்றி) நேராகக் கணினியின் நினைவகத்தில் எழுத வேண்டும். உங்கள் கணினியில் அறுந்துபோவது இந்த இடம். டிஸ்க் பதில் சொல்கிறது, கார்டும் எழுத முயல்கிறது, ஐஓஎம்எம்யூ (சாதனங்களின் நினைவக அணுகலைக் கட்டுப்படுத்தும் பகுதி; இன்டெலில் அதன் பெயர் விடி-டி) அதைத் தடுத்துவிடுகிறது. கர்னலின் பார்வையில் பதில் வரவே இல்லை, ஆகவே டைம்அவுட். வேகத்தை எவ்வளவு குறைத்தாலும் இதில் மாற்றம் இருக்காது.

ஐஓஎம்எம்யூ ஏன் தடுக்கிறது? பிசிஐஇ சாதனம் அனுப்பும் ஒவ்வொரு டிஎம்ஏ கோரிக்கையிலும் அனுப்புநரின் அடையாள எண் இருக்கும். பஸ், டிவைஸ், ஃபங்ஷன் ஆகிய மூன்றும் சேர்ந்த 16 பிட் எண் அது. பிசிஐ பஸ்ஸில் தான் கண்ட சாதனங்களுக்கு மட்டும் கர்னல் ஐஓஎம்எம்யூவில் பதிவு செய்து வைக்கிறது. வாயிற்காவலரின் கையில் உள்ள பெயர்ப்பட்டியலைப் போன்றது அது: 04:00.0 பட்டியலில் இருக்கிறது, 04:00.1 இல்லை. ஆனால் சில சாட்டா சிப்கள் தமக்கு ஃபங்ஷன் 0 மட்டுமே இருந்தாலும், டிஎம்ஏ கோரிக்கையை ஃபங்ஷன் 1-இன் பெயரில் அனுப்புகின்றன. ‘கான்டெக்ஸ்ட் என்ட்ரியில் ப்ரெசென்ட் பிட் இல்லை’ என்ற செய்தியின் பொருள், இந்தப் பெயரில் யாரும் பதிவாகவில்லை என்பதுதான். எல்எஸ்பிசிஐயில் இல்லாத ஒரு முகவரியை நீங்கள் செய்தியில் கண்டதற்கு இதுவே காரணம்.

பயாஸில் டிஸ்க்குகள் தெரிவதும் முரண் இல்லை. கர்னல் வந்து ஐஓஎம்எம்யூவை இயக்கும் வரை கார்டின் டிஎம்ஏவைத் தடுப்பார் யாரும் இல்லை. கார்டை வாங்கிய முதல் சில நாட்கள் எல்லாம் இயங்கியதும் அதனால்தான். கார்டு சேர்ந்தபோது எதுவும் கெடவில்லை. விடி-டி சேர்ந்தபோதுதான் கெட்டது. மதர்போர்டின் இன்டெல் கன்ட்ரோலருக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை என்பதால் அதை முடக்கத் தேவையில்லை.

இது கர்னல் உலகில் நெடுநாட்களாக அறியப்பட்ட ஒன்று. கர்னலின் பிசிஐ குவர்க்ஸ் கோப்பில் (சாதனங்களின் குறைகளைச் சமாளிக்கும் விதிகள் உள்ளது), ஃபங்ஷன் 1-ஐ மாற்றுப்பெயராக ஏற்கும்படி சொல்லும் ஒரு பட்டியல் இருக்கிறது. 2014-இல் வந்த 3.16 கர்னலில் மார்வெல் 9123, 9130, 9172, 9230 போன்ற எண்களோடு அது தொடங்கியது; அதன் பிறகு புதிய எண்கள் சேர்ந்துகொண்டே வருகின்றன. பட்டியல் சிப்பின் எண்ணை வைத்தே பொருந்துகிறது. ஆகவே ஒரே குடும்பத்தைச் சேர்ந்த, அதே நடத்தையுடைய சிப்பாக இருந்தாலும், அதன் எண் உங்கள் கர்னலின் பட்டியலில் இல்லாவிட்டால் பயன் இல்லை. எல்எஸ்பிசிஐயை ‘என்என்’ விருப்பத்தோடு இயக்கினால் சதுர அடைப்புக்குறிக்குள் அந்த எண் கிடைக்கும்.

இதை உறுதிசெய்ய எந்தக் கோப்பையும் மாற்ற வேண்டாம். கிரப் (லினக்ஸை எழுப்பும் பூட் நிரல்) மெனு வந்ததும் ‘இ’ விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியில் ஐஓஎம்எம்யூ அமைப்பை ‘ஆஃப்’ என்று மாற்றி, கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்தி பூட் செய்யுங்கள். அந்த ஒரு முறைக்கு மட்டுமே அது செல்லும். டிஸ்க்குகள் வந்துவிட்டால் காரணம் உறுதி. பிறகு, புதிய டெபியனின் லைவ் படிமத்தை யுஎஸ்பியிலிருந்து அதே அமைப்பு ‘ஆன்’ நிலையில் எழுப்பிப் பாருங்கள். அதிலும் வந்தால் புதிய கர்னலில் உங்கள் சிப் சேர்க்கப்பட்டுவிட்டது என்று கொள்ளலாம்.


பழையமுனையம்:

கர்னல்வாசகன் சொன்ன சோதனைக்கு முன் ஒரு முன்னெச்சரிக்கை. டிஸ்க்குகள் திரும்பி வந்தவுடன் பூட் நேரத்திலேயே ரெய்டு தானாக இணைந்து மவுன்ட் ஆகிவிடக்கூடும். நிகழ்வு எண்கள் (ரெய்டில் மாற்றம் நிகழும்போது ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஏறும் எண்) ஒத்திருந்தால் அதில் ஆபத்து இல்லை; ஆனால் வாடிக்கையாளர்களின் திருமணப் படங்கள் என்று சொல்கிறீர்கள், அவற்றை இன்னொரு முறை எடுக்க முடியாது. ஆகவே எஃப்எஸ்டேப்பில் ரெய்டின் வரியில் ‘நோஆட்டோ’ (தானாக மவுன்ட் செய்யாதே என்பது) சேர்த்துவிட்டுச் சோதனையைத் தொடங்குங்கள்.

நான்கு டிஸ்க்குகளும் தெரிந்ததும், ஒவ்வொன்றிலும் எம்டிஏடிஎம்மின் ‘எக்ஸாமின்’ கட்டளையை இயக்கி, ‘ஈவென்ட்ஸ்’ என்ற வரியை ஒப்பிடுங்கள். அது படிக்க மட்டுமே செய்யும், எதையும் எழுதாது. நான்கிலும் ஒரே எண் இருந்தால், டிஸ்க்குகள் காணாமல் போன பிறகு ரெய்டில் எதுவும் எழுதப்படவில்லை என்று உறுதியாகிறது. ரெய்டு இன்னும் இன்ஆக்டிவ் நிலையிலேயே இருந்தால், முதலில் ‘ஸ்டாப்’ கொடுத்து அந்த அரைகுறை அமைப்பை விடுவித்த பிறகே ‘அசெம்பிள்’ கட்டளையை ‘ரீட்ஒன்லி’ விருப்பத்தோடு கொடுக்க வேண்டும். விடுவிக்காமல் கொடுத்தால் டிஸ்க்குகள் பயன்பாட்டில் உள்ளன என்று மறுத்துவிடும். அதைக் கண்டு பதறித்தான் பலர் ‘ஃபோர்ஸ்’ பக்கம் போகிறார்கள். எண்கள் ஒத்திருக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு அது தேவையே இல்லை. எண்கள் வேறுபட்டிருந்தால் எதையும் செய்யாமல் இங்கே எழுதுங்கள்.

கோப்புகள் ஒழுங்காகத் திறக்கின்றன என்று பார்த்து, காப்புப்பிரதியைப் புதுப்பித்த பிறகு, ரெய்டின் ‘சிங்க்_ஆக்‌ஷன்’ கோப்பில் ‘செக்’ என்று எழுதி ஒரு முழுச் சோதனை ஓட்டுங்கள். 4 டிபி டிஸ்க்குகளுக்குப் பல மணி நேரம் ஆகும், இரவில் விட்டுவிடலாம்.

கார்டு எக்ஸ்1 வகையா (ஒரே வழித்தடம் கொண்டதா) என்பதையும் பாருங்கள். பிசிஐஇ 2.0-இல் ஒரு வழித்தடத்தின் உச்ச வேகம் விநாடிக்கு 500 எம்பி; அதை நான்கு போர்ட்டுகளும் பகிர வேண்டும். இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளுக்கு இது போதும். நான்கையும் அதில் இணைத்தால் ஒவ்வொரு முறை ரெய்டு மீளமைக்கும்போதும் நேரம் நீளும். எல்லா டிஸ்க்குகளையும் கார்டுக்கு மாற்றும் எண்ணத்தைக் கைவிட இதுவும் ஒரு காரணம்.


நிழற்படக்கூடம்:

சொன்னபடியே செய்தேன். ஐஓஎம்எம்யூவை ‘ஆஃப்’ என்று மாற்றி எழுப்பியதும் இரண்டு டிஸ்க்குகளும் வந்துவிட்டன. டிஎம்ஏஆர் வரி ஒன்றுகூட இல்லை. நான்கு டிஸ்க்குகளிலும் நிகழ்வு எண் ஒன்றாகவே இருந்தது. ரீட்ஒன்லியாக இணைத்துப் படங்களையும் நீண்ட காணொளிகளையும் திறந்து பார்த்தேன், எல்லாம் சரியாக உள்ளன. காப்புப்பிரதி எடுத்து முடித்து, ‘செக்’ ஓட்டியதில் பொருத்தமின்மை எண்ணிக்கை பூஜ்யம். டெபியன் 12 லைவ் படிமத்தில் ‘ஆன்’ நிலையிலும் கார்டின் டிஸ்க்குகள் தெரிகின்றன.

இப்போது என் கேள்வி: இந்தக் கணினியை உடனே டெபியன் 12-க்கு மாற்ற வேண்டுமா, அல்லது ஐஓஎம்எம்யூ இல்லாமலே மெய்நிகர் கணினியை இயக்க முடியுமா? திருமணப் பருவம் முடியும் வரை இயங்குதளத்தைத் தொட விருப்பமில்லை.


கர்னல்வாசகன்:

இயக்கலாம். மெய்நிகர் கணினிக்குத் தேவையானது செயலியின் மெய்நிகராக்க வசதியான விடி-எக்ஸ். விடி-டியும் ஐஓஎம்எம்யூவும் தேவைப்படுவது, கிராபிக்ஸ் கார்டு அல்லது நெட்வொர்க் கார்டு போன்ற உண்மையான சாதனம் ஒன்றை மெய்நிகர் கணினிக்கே நேரடியாக ஒப்படைக்கும்போதுதான். கணக்கு மென்பொருளுக்கு அப்படி எதுவும் வேண்டியிருக்காது. ஆகவே கிரப்பின் இயல்பு அமைப்புக் கோப்பில் அந்தச் சொல்லை ‘ஆஃப்’ என்று மாற்றி, அப்டேட்-கிரப் கட்டளையை இயக்குங்கள். பயாஸில் விடி-டியை அணைத்துவிட்டாலும் சரிதான், ஆனால் பயாஸ் அமைப்புகளை மீட்டமைக்கும்போது அது மாறிவிடக்கூடும். பூட் வரியில் இருப்பது நிலையாக இருக்கும். எஃப்எஸ்டேப்பில் ரெய்டின் வரியிலிருந்து ‘நோஆட்டோ’வை நீக்கிவிட்டு, ‘நோஃபெயில்’ மட்டும் அப்படியே இருக்கட்டும்.

பருவம் முடிந்ததும் டெபியன் 12-க்கு மாறிவிடுங்கள். அப்போது ஐஓஎம்எம்யூவை மீண்டும் இயக்க விரும்பினால், முதல் பூட்டிலேயே டிமெசேஜில் ‘டிஎம்ஏஆர்’ என்று தேடி, 04:00.1 என்ற முகவரி வரவில்லை என்று பார்த்த பிறகே ரெய்டை மவுன்ட் செய்யுங்கள்.